கண்ணகி நகர்: நகரம் கட்டிய சேரி, நாம் கட்டிய ஊர்

(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



மறைந்த தோழர்களை நினைவுகூரும்போது புகழுரையோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கமில்லை. அவர்கள் பாதியில் விட்டுச் சென்ற வேலை ஒன்றை எடுத்துப் பேசுவதும், கலையும்போது அதைப் பங்கு போட்டு எடுத்துச் செல்வதும்தான் இந்த அரங்கின் வழக்கம். இந்த ஆண்டு ஒரு குடியிருப்பின் வரலாற்றைப் பேசலாம் என்று நினைத்தோம். சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கும் கண்ணகி நகர். அதோடு சேர்த்தே பேச வேண்டிய எழில் நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்.

நாம் சொல்ல வருவதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். கிராமத்தில் ஊர் என்றும் சேரி என்றும் இருந்த பிரிவு நகரத்துக்கு வந்தால் கரைந்துவிடும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடுதான் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் நகரம் அந்தப் பிரிவைக் கான்கிரீட்டில், அரசுச் செலவில், எல்லைக்கு வெளியே மறுபடியும் கட்டியது. அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்ட மக்கள் கால் நூற்றாண்டில் அதை ஓர் ஊராக மாற்றியிருக்கிறார்கள். இந்த இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் சொன்னால் அது ஒப்பாரியாகிவிடும். இரண்டாவதை மட்டும் சொன்னால் அரசு விளம்பரமாகிவிடும்.

ஒரே ஆண்டு, ஒரே சாலை

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பிரதமர் வாஜ்பாய் வந்து திறந்து வைத்தார். தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும் அந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறார்கள். அதே ஆண்டில், அதே பழைய மகாபலிபுரம் சாலையில், தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இன்னொரு வரலாறு தொடங்கியது. நகரத்தின் கால்வாயோரங்களிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள் பாத்திரம் பண்டத்தோடு லாரியில் வந்து கண்ணகி நகரில் இறங்கின.

அடுத்த பத்தாண்டுகளில் அங்கே 15,656 வீடுகள் எழுந்தன. முதற்கட்ட வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவானவை. சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள் வந்தன. ஜவஹர்லால் நேரு பெயரிலான நகர்ப்புறப் புதுப்பித்தல் திட்டத்தில் எழில் நகரும் பெரும்பாக்கமும் வந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் தரைத்தளமும் அதன்மேல் 7 மாடியுமாக 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். நான்கையும் கூட்டினால் 45,000க்கும் மேல். ஒரு மாவட்டத் தலைநகருக்கு ஈடான மக்கள்தொகை இது. இவ்வளவு பெரிய நகரம் ஒன்று நம் காலத்தில் உருவாகியிருக்கிறது. நம் இலக்கியத்தில் அதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறோம் என்பதை எழுதுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

அந்தச் சாலைக்கு 2008இல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள். அதன் கண்ணாடிக் கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்கள், அங்கே காவலுக்கு நிற்பவர்கள், அதைச் சுற்றியுள்ள அடுக்ககங்களில் பாத்திரம் தேய்ப்பவர்கள் பலரும் இந்தக் குடியிருப்புகளிலிருந்தே வருகிறார்கள். சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இரண்டையும் தனித்தனிப் பாடமாகப் படிக்காதீர்கள். ஒரே சாலை, ஒரே காலம், ஒரே நிலக் கொள்கை. சாலையோர நிலத்தின் விலை ஏறியதும், நகரத்துக்குள் நம் குடிசைகள் நின்ற நிலம் தேவைப்பட்டதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

ஏரியில் எழுந்த இரண்டு புறநகர்கள்

புறநகர் என்ற சொல் நமக்கு மட்டும் உரியதில்லை. சென்னையில் இன்று நகரத்தின் மையம் என்று சொல்லப்படும் தியாகராய நகரும் ஒரு காலத்தில் புறநகர்தான். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து, 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில், பூங்காவும் அகலமான தெருக்களுமாகத் திட்டமிட்டுக் கட்டினார்கள். தெருக்களுக்கு அக்கட்சித் தலைவர்களின் பெயரைச் சூட்டினார்கள். அது நகர வளர்ச்சி என்று பாராட்டப்பட்டது. ஏரியை ஆக்கிரமித்தார்கள் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அதே பத்தாண்டில் நம் மக்களுக்கு நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1921இல் பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடத் தொழிலாளர்களின் குடிசைகள் எரிந்தன. அப்போது நீதிக்கட்சி வட்டாரத்திலிருந்தே ஒரு யோசனை எழுந்தது: ஆதிதிராவிடர்களை அங்கிருந்து அப்புறப்படுத்திவிடலாம் என்று. எரித்தவர்களைப் பற்றிய யோசனையல்ல அது. எரிந்த வீட்டுக்காரர்களைப் பற்றிய யோசனை. எம்.சி. ராஜா அக்கட்சியிலிருந்து 1923இல் விலகியதன் பின்னணியில் இந்தக் கசப்பும் இருந்தது. பூங்காவோடு ஒரு புறநகர் சிலருக்குக் கிடைத்த காலத்திலேயே, புறத்தே அனுப்புவது நமக்கான தீர்வாகச் சொல்லப்பட்டுவிட்டது. கண்ணகி நகரின் வரலாற்றை 2000இல் தொடங்கினால் பாதி தெரியாமல் போய்விடும்.

செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். 2022இல் அச்சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தண்ணீர் தேங்கி நிற்க வேண்டிய இடம் அது என்பதற்கு உலக அளவிலான சான்று கிடைத்துவிட்டது. 2015 டிசம்பரில் அடையாறும் கூவமும் பெருகியபோது செம்மஞ்சேரியும் நீரில் கிடந்தது. அதற்குப் பிறகு, வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஆற்றோரக் குடும்பங்களை எங்கே அனுப்பினார்கள்? எழில் நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும். தண்ணீரிலிருந்து தூக்கி இன்னொரு தண்ணீரில் விட்டதற்குப் பெயர் மறுவாழ்வு.

சட்டம் எண்ணாமல் விட்டவர்கள்

இப்படி அனுப்ப முடிந்தது எப்படி? சட்டம் இல்லாததாலா? இல்லை. நல்ல சட்டம் இருந்தது.

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்பது அதன் முழக்கம். 1971இல் குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி ஒரு பகுதி குடிசைப் பகுதி என்று அறிவிக்கப்பட்டால், அங்கே தண்ணீர், விளக்கு, கழிப்பறை செய்து தர வேண்டும். நினைத்த நேரத்தில் காலி செய்ய முடியாது. தொடக்க காலத்தில் வாரியம் பல இடங்களில், குடிசை நின்ற இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தது. கடலோரத்து நொச்சி நகர் மாதிரியான குடியிருப்புகள் அப்படி வந்தவை. மக்களின் வேலையும் பள்ளியும் கோயிலும் அருகிலேயே இருந்தன. நாம் கேட்பது கற்பனையல்ல, இதே அரசு இதே நகரத்தில் செய்து காட்டியது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

1971இல் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதன் பிறகு ஒன்றுகூட இல்லை. நகரம் பெருகியது, மக்கள் வந்தார்கள், புதிய குடிசைப் பகுதிகள் நூற்றுக்கணக்கில் உருவாகின. ஆனால் அறிவிப்பு நின்றுபோனது. அறிவிக்கப்படாத பகுதியில் இருப்பவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. அவர் வெறும் ஆக்கிரமிப்பாளர். அதிலும் நீர்நிலையோரம், ரயில் பாதையோரம் என்றால் 'ஆட்சேபகரமான புறம்போக்கு' என்று ஒரு முத்திரை. அந்த இரண்டு சொல் விழுந்துவிட்டால் புல்டோசருக்கு வழி திறந்துவிடும்.

அதே 1985இல்தான் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரத்துக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. நடைபாதையில் குடியிருப்பவர் அங்கே இருப்பது வேலைக்காக, அந்த இடத்தை விட்டு அகற்றினால் வேலையும் போகும் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் உரிய நடைமுறைப்படி அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அரசுகள் முதல் பாதியை மேடையில் பேசுகின்றன, இரண்டாம் பாதியைக் களத்தில் பயன்படுத்துகின்றன.

2021இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. குடிசை என்ற சொல் இழிவாக இருக்கிறது என்பது காரணம். பெயர் மாறிய அடுத்த ஆண்டு, 2022 மே மாதத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது அதை எதிர்த்து ஒருவர் தீக்குளித்து இறந்தார். அருகிலேயே மாற்றிடம் வேண்டும் என்பதுதான் அந்த மக்களின் கோரிக்கை.

தூரத்தின் விலை

இந்த இடத்தில் மாணவர்கள் ஒரு கேள்வி கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சாக்கடை ஓரத்தில், ஒவ்வொரு மழைக்கும் பயந்துகொண்டு கிடந்ததைவிட, கழிப்பறையும் மின்விளக்கும் கொண்ட கெட்டி வீடு மேல் அல்லவா?

கூவம் கரையை நாம் சொர்க்கம் என்று சொல்லப்போவதில்லை. பாம்பும் வெள்ளமும் தீ விபத்தும் நம் மக்கள் பட்ட பாடு. பெரும்பாக்கத்து வீட்டில் முதன்முறையாகக் கதவைத் தாழிட்டுக் குளித்த பெண்களின் நிம்மதியை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் உழைக்கிறவருக்கு வீடு என்பது நான்கு சுவர் மட்டுமில்லை. வேலைக்கு நடந்துபோகும் தூரம், கைமாற்றுக் கொடுக்கும் பக்கத்து வீடு, பிரசவத்துக்கு ஓடக்கூடிய பெரிய ஆஸ்பத்திரி, அண்ணாச்சிக் கடையின் கடன் நோட்டு, எல்லாம் சேர்ந்ததே வீடு.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பெரும்பாக்கம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். காலையில் இரண்டு வீட்டிலும் மாலையில் ஒரு வீட்டிலும் வேலை பார்த்த ஒரு அம்மாவுக்கு இந்தத் தூரம் என்ன செய்யும்? நடுவில் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட முடியாது. முதல் பேருந்தைப் பிடித்தாலும் வேலைக்காரியம்மா தாமதம் என்று பேச்சு கேட்க வேண்டும். முதலில் ஒரு வீடு போகும், பிறகு மற்றதும் போகும். 2021இல் வந்த மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்து இந்தப் பெண்களுக்குப் பெரிய உதவி. அதை நாம் மனதாரச் சொல்வோம். ஆனால் பயணச்சீட்டுக்குத்தான் காசு இல்லை, போக வர ஆகும் மூன்று நான்கு மணி நேரத்தை யாரும் திருப்பித் தருவதில்லை. கல்வியாண்டின் நடுவில் குடியேற்றப்பட்ட பிள்ளைகளில் சிலர் பழைய பள்ளிக்கே பேருந்தில் தொங்கிக்கொண்டு போனார்கள். சிலர் போவதை நிறுத்தினார்கள். பத்தாம் வகுப்பைத் தொடாமல் நின்ற ஒரு தலைமுறை அங்கே இருக்கிறது.

நிர்வாகத்தையும் பாருங்கள். ஒக்கியம் துரைப்பாக்கம் மாநகராட்சியோடு சேர்ந்தது 2011இல். அதுவரை அத்தனை ஆயிரம் குடும்பங்கள் ஓர் ஊராட்சியின் கையில் இருந்தன. பெரும்பாக்கத்தில் 7 மாடிகள் எழுந்தபோதும் அது ஓர் ஊராட்சிதான். மின்தூக்கியும் கழிவுநீர்க் குழாயும் கொண்ட உயரமான நகரத்தை, தெருவிளக்கும் குடிநீரும் மட்டுமே கவனித்துப் பழகிய அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். மின்தூக்கி நின்றால் வாரியத்தைக் கேள் என்பார்கள், குப்பை நின்றால் ஊராட்சியைக் கேள் என்பார்கள்.

பெயரும் முகவரியும்

கண்ணகி நகர் என்று சொன்னால் கடன் இல்லை, கண்ணகி நகர் என்றால் வேலைக்கு நேர்காணலே இல்லை என்பது அங்குள்ள இளைஞர்கள் பலரும் சொல்லும் அனுபவம். விண்ணப்பத்தில் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதப் பழகியவர்கள் பலர். ஏதாவது ஒரு திருட்டு நடந்தால் காவல்துறை முதலில் திரும்பிப் பார்க்கும் திசையும் அதுதான். கிராமத்தில் 'எந்தத் தெரு?' என்று கேட்டுச் சாதி தெரிந்துகொள்வார்கள். நகரத்தில் சாதி கேட்பதில்லை என்று பெருமை பேசுகிறார்கள். கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் முகவரியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அங்கே எல்லோரும் தலித்துகள் இல்லை. மீனவர், பிற்படுத்தப்பட்டோர், இஸ்லாமியர், கிறித்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பான்மை நம் மக்கள். அந்த முகவரியில் குடியேறியதும் மற்றவர்களுக்கும் சேரிக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தீண்டாமை ஆளை மட்டுமல்ல, இடத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் தேவையில்லை.

பெயர் வைத்தவர்கள் சிலப்பதிகாரத்தை எவ்வளவு நினைத்து வைத்தார்களோ தெரியாது. மதுரைக்கு வந்த கண்ணகியும் முதலில் தங்கியது மதிலுக்கு வெளியே. அந்தக் காதைக்கே 'புறஞ்சேரி இறுத்த காதை' என்றுதான் பெயர். அன்று சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். இழிவு பின்னால் ஏற்றப்பட்டது. பொருளெல்லாம் இழந்து ஊர்விட்டு ஊர் வந்த அந்தப் பெண்ணின் கையில் ஒரு சான்று இருந்தது. அதைக் காட்டி அரசவையில் நியாயம் கேட்க முடிந்தது. நம் மக்களின் கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. தவணை கட்டிய ரசீதுகள் அலமாரியில் கிடக்கின்றன. விற்பனைப் பத்திரத்துக்கான காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

மெரினாவிலிருந்த கண்ணகி சிலையை 2001 டிசம்பரில் அகற்றினார்கள். 2006 ஜூனில் அது பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. சிலைக்குக் கிடைத்த அந்த நியாயம் கண்ணகி நகருக்குக் கிடைக்கவில்லை.

அழிந்த பெயர்களையும் எண்ண வேண்டும். சென்ட்ரலுக்கு அருகே கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் இருந்தது. அமைச்சராக இருந்தவர், 1974இல் திமுகவிலிருந்து வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கியவர், பின்னர் ஒன்றிய அமைச்சராகவும் ஆனவர் அவர். அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்பின் மக்கள் 2019இலும் 2020இலும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். புதிய இடத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பிளாக் எண்ணும் கதவு எண்ணும். குடிசைகளோடு ஒரு தலைவரின் பெயரும் நகரத்தின் வரைபடத்திலிருந்து போயிற்று.

2020இல் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. அழகாகவே இருக்கின்றன, நம் பிள்ளைகளின் முகங்களை அவ்வளவு பெரிதாகப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்தக் குடியிருப்பின் பெயரைத் திருப்பிப் போட்டது ஓவியம் அல்ல. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் பெண்கள் கபடியில் இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியில் இருந்தவர் கண்ணகி நகர் கார்த்திகா. விண்ணப்பங்களில் மறைத்து எழுதப்பட்ட பெயர், ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் பட்டம்போல நின்றது. கால் நூற்றாண்டாக எங்கள் ஊர் எங்கள் ஊர் என்று அங்குள்ளவர்கள் சொல்லிக்கொண்டிருந்தது அன்றுதான் வெளியே கேட்டது.

அம்பேத்கர் கேட்ட தனிக் குடியிருப்பு

நம்மிடையே ஒரு வாதம் உண்டு. பாபாசாகேபே தனிக் குடியிருப்பு கேட்டாரே, பிறகு இதை ஏன் எதிர்க்க வேண்டும் என்று. கேட்டார், உண்மைதான். 1942 நாக்பூர் மாநாட்டிலும், 1947இல் எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' அறிக்கையிலும் பட்டியல் சாதியினருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்றார். ஆனால் எதோடு சேர்த்துக் கேட்டார் என்று பாருங்கள். அரசியலமைப்பின் கீழ் ஒரு குடியேற்ற ஆணையம், அதன் பொறுப்பில் நிலம். சாதி இந்துக்களின் பிடியிலிருந்து விடுபட, நிலமும் அதிகாரமும் கொண்ட குடியிருப்பு அது. நமக்குக் கிடைத்தது நிலத்தில் உரிமை இல்லாத, வேலையிலிருந்து பிரிக்கப்பட்ட, நாம் தேர்ந்தெடுக்காத தனிமை. அம்பேத்கர் அதற்கு வைத்த பெயர் வேறு. இந்தியாவின் கெட்டோ என்று சேரியைப் பற்றி எழுதியவரும் அவர்தான்.

நிலத்தோடு கூடிய குடியிருப்பு என்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. கண்ணகி நகர் நிற்கும் பகுதி பழைய செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் திரெமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கைதான் 1892இன் பஞ்சமி நில ஆணைக்கு வழி செய்தது. அந்த நிலத்தை மற்ற சாதியினருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நம் முன்னோருக்குக் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். ஆறே ஆண்டுகளில் அதே மாவட்டத்தில், நிலம் கேட்ட மக்களின் உறவுக்காரர்களுக்கு 200 சதுர அடி கொடுத்தார்கள். பஞ்சமி நிலப் போராட்டத்தையும் நகர்ப்புற வீட்டுரிமையையும் இரண்டு தனி இயக்கங்களாக நாம் இனியும் நடத்தக் கூடாது.

கலையும் முன்

நாம் கேட்பது இவை. நகரத்துக்கு வெளியே மொத்தமாகக் குடியேற்றும் திட்டங்கள் இனி வேண்டாம். குடியிருக்கும் இடத்திலோ அதற்கு அருகிலோ கட்டுங்கள். 1985இல் நின்ற அறிவிப்பை மீண்டும் தொடங்குங்கள். குடியேறியவர்களுக்கு விற்பனைப் பத்திரம் கொடுங்கள், அதில் குடும்பத் தலைவியின் பெயர் இருக்கட்டும். குடியேற்றப்பட்டவர்களில் எந்தச் சமூகத்தினர் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிடுங்கள். அந்த எண் வெளியே வந்தால் இது வீட்டுப் பிரச்சினையா சாதிப் பிரச்சினையா என்ற விவாதம் ஒரே நாளில் முடிந்துவிடும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் பெரியவர்களிடம் 'எந்த ஏரியாவிலிருந்து வந்தீங்க?' என்று கேளுங்கள். இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றப் பழைய இடத்து அம்மனிடம் போய் வரும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பெயர்களை, இடிக்கப்பட்ட தேதிகளை, எந்தப் பள்ளியிலிருந்து எந்தப் பிள்ளை நின்றது என்பதை, அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி வையுங்கள். நூறு பெயர் சேர்ந்தால் அது ஒரு நகரத்தின் வரலாறு. நீதிமன்றத்தில் ஒரு சான்றும்கூட. அடுத்த ஆண்டு இதே அரங்கில் அந்தப் பட்டியலின் முதல் பகுதியை நாம் வாசிக்க வேண்டும்.